நீண்டதா, நழுவியதா

ஆய்வகத்தில் எல்லோரும் உலை என்று கூப்பிட்டவர் இறந்துபோன பிறகு, அவர் வளர்த்த தாள்களில் மிச்சம் இருந்தது ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டி மட்டும்தான். துறைத் தலைவர் அதை மேசைமேல் வைத்து இழுவை என்கிறவளின் பக்கமாக மெல்லத் தள்ளினார்.

"இதுல இருக்கறதை எடுத்துப் பாருங்க. அவர் சொன்ன அளவு வந்துச்சுன்னா தலை நிமிர்ந்து பதில் எழுதலாம். வரலைன்னா கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கலாம். ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணணும். இன்னும் இழுத்துக்கிட்டே போக முடியாது."

'இழுத்துக்கிட்டே' என்ற சொல் வாயை விட்டு வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. சங்கடமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் அந்தப் பெயரை வைத்து யார் கிண்டல் செய்தாலும் முதலில் சிரிப்பவள் அவள்தான்.

இழுவை என்று அவளுக்குப் பெயர் வைத்தவரே உலைதான். அவள் வேலையே பொருள்களை இழுத்துப் பார்ப்பது. போதாக்குறைக்கு முனைவர் பட்டத்தை முடிக்க அவள் எடுத்துக்கொண்ட காலத்தில் கூடப் படித்தவர்களெல்லாம் கல்யாணம் முடித்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். பதிலுக்கு அவள் அவருக்கு உலை என்று பெயர் வைத்தாள். எந்நேரமும் ஆய்வகத்து உலைக்கு முன்னாலேயே பழியாய்க் கிடப்பவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டன. ஆய்வகத்தில் பாதிப் பேருக்கு அவர்களுடைய நிஜப் பெயரே மறந்துபோனது.

உலையின் வேலை வளர்ப்பது. நீளமான கண்ணாடிக் குழாய்க்குள் செம்புத் தகட்டை வைத்து, பழுக்கக் காயும்வரை சூடேற்றி, அதன்மேல் வாயுவை ஓடவிடுவார். வாயுவில் இருக்கும் கரி, பால்மேல் ஆடை படிவது போலச் செம்பின்மேல் படியும். ஆனால் இந்த ஆடையின் கனம் ஒற்றை அணு. அதுதான் கிராஃபீன். பென்சிலுக்குள் இருக்கும் அதே கரிதான்; ஒற்றை அடுக்காக நிற்கும்போது மட்டும் எஃகெல்லாம் அதன் கிட்டவே வர முடியாது. அந்த ஆடையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு பட்டையை வெட்டி, எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் இருக்கும் ஒரு குட்டிக் கருவியில் இரண்டு முனையையும் ஒட்டி, அறுந்துபோகும்வரை இழுப்பது அவள் வேலை. எவ்வளவு பலம் தாங்கியது, அறுவதற்கு முன்னால் எவ்வளவு நீண்டது என்பதைச் சொல்ல வேண்டும்.

"நான் பாடுபட்டு வளர்க்கிறேன், நீ ஒரு நிமிஷத்துல சோலியை முடிச்சிடறே. பாவி," என்பார் உலை.

"முடிச்சாத்தானே அண்ணா அது எவ்வளவு திடமா இருந்துச்சுன்னு தெரியும்?"

"நல்ல வேலை பார்க்கறே போ. மனுஷனைப் பத்தியும் செத்தப்புறம்தான் நல்லதாச் சொல்றாங்க."

யார் வளர்த்த தாளிலும் ஒரே குறைதான். அது ஒரே தாளாக வளர்வதில்லை. அங்கங்கே தனித்தனியாக முளைத்து, பரவி, ஒன்றோடொன்று முட்டி, ஒட்டுப்போட்ட துணி மாதிரி ஆகிவிடும். இழுத்தால் ஒட்டு இருக்கிற இடத்தில் விட்டுவிடும். உலை வருஷக்கணக்காக முட்டி மோதி, ஒட்டே இல்லாத தாளை வளர்த்துவிட்டதாகச் சொன்னார். அந்தச் சமயம் பார்த்து இழுவையின் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அவள் விடுப்பில் போனாள். உலைக்குப் பொறுமை இல்லை. பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியதை வைத்துக்கொண்டு அவரே அவள் கருவியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் கைப்பேசி அடித்தது.

"இழுவை, உன் மெஷின் பொய் சொல்லுமா?"

"நான் பக்கத்துல இல்லைன்னா என்ன வேணா சொல்லும். ஏன் அண்ணா?"

"நூத்துக்குப் பத்து நீண்டிருக்கும்மா. பத்து!"

அதுவரை அவள் இழுத்த பட்டைகளெல்லாம் நூற்றுக்கு ஒன்றிரண்டு நீள்வதற்குள் பட்டென்று போனவை. அவள் போட்ட சத்தத்தில் நர்ஸ் அறையிலிருந்து எட்டிப் பார்த்து முறைத்தாள்.

கட்டுரை வெளிவந்ததும் உலையைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். நிருபர்கள் வந்தார்கள். மடக்கும் திரை, தோலில் ஒட்டும் கருவி என்று என்னென்னவோ எழுதினார்கள். அதற்குப் பிறகு வேறொரு ஆய்வகத்திலிருந்து ஒரு மறுப்பு வந்தது. மரியாதையான மொழிதான், ஆனால் ஒவ்வொரு வரியும் ஊசி. பட்டை நீண்டிருக்காது, ஒட்டிய முனை நழுவியிருக்கும், நழுவியதை நீண்டது என்று கணக்குப் பண்ணிவிட்டார்கள் என்றது. கடைசியில், முழு வீடியோவை ஏன் காட்டவில்லை என்று கேட்டது. காட்ட வீடியோ இல்லை. கருவியின் கம்ப்யூட்டரில் இடம் நிறைந்துபோய், பழையதை அதுவே அழித்துவிட்டிருந்தது. உலை எடுத்து வைத்திருந்தவை இரண்டே படங்கள்: இழுக்கும் முன் ஒன்று, அறுவதற்குச் சற்று முன் ஒன்று. இரண்டிலும் பட்டையின் நடுப்பகுதிதான் இருந்தது. ஒட்டிய முனைகள் படத்துக்கு வெளியே.

வீடியோ இல்லை என்றதும் பேச்சு வேறு மாதிரித் திரும்பியது. தப்பு என்று சொன்ன வாய்களே பொய் என்று சொல்ல ஆரம்பித்தன. உலை சாப்பாட்டு அறைக்கு வருவதை நிறுத்தினார். மறுபடி வளர்த்துக் காட்டுகிறேன் என்று உலைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒரு காலை, மாடிப்படி ஏறும்போது நடுவில் உட்கார்ந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். ஓய்வெடுக்கிறார் என்று நினைத்து இரண்டு பேர் அவரைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். மாரடைப்பு என்றார்கள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருக்குப் பிறகு அதே குழாய், அதே வாயு, அதே சூடு என்று வைத்து மற்றவர்கள் வளர்த்துப் பார்த்தார்கள். வந்ததெல்லாம் ஒட்டுத்துணிதான்.

அவருடைய சாமான்களை எடுத்துப் போக அண்ணி வந்தாள். அண்ணி என்றால் உலையின் மனைவி. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். வேலை முடிந்து சீருடையோடே வந்திருந்தாள். மேசைக்கடியில் கிடந்த செருப்பு, இழுப்பறையில் இருந்த சீப்பு, முழங்கை கிழிந்த ஸ்வெட்டர் எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டாள். அழவில்லை. பையின் வாயை முடிந்துவிட்டு இழுவையை நிமிர்ந்து பார்த்தாள். பெரிய வண்டியைச் சந்துக்குள் திருப்புகிறவர்களுக்கு இருக்கும் அந்த நிதானமான பார்வை.

"உன்னை ஒண்ணு கேக்கறேன். சுத்தி வளைக்காம சொல்லு. அவரு பொய் சொன்னாரா?"

"ஐயோ, இல்லை அண்ணி."

"உனக்குத் தெரிஞ்சு சொல்றியா, எனக்காகச் சொல்றியா?"

அவர் அளந்த அன்று இழுவை கருவிக்குப் பக்கத்தில் இல்லை.

"தாள் கொஞ்சம் மிச்சம் இருக்கு அண்ணி. இழுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்."

"எதுவா இருந்தாலும் நீயே வந்து சொல்லணும். வேற யார் வாயாலயும் நான் கேக்கக் கூடாது."

பெட்டிக்குள் இருந்தவை ஒரு கைக்குள் அடங்கும் துண்டுகள். செம்பை அமிலத்தில் கரைத்துவிட்டு, தண்ணீரில் மிதக்கும் தாளைச் சின்னச் சில்லில் ஏந்தி எடுக்க வேண்டும். மூச்சு பலமாக விட்டாலே சுருண்டுவிடும். ஆயிரம் முறை செய்து கை பழகியவள்தான். ஆனால் இந்தத் தாளை வளர்த்தவர் இல்லை, இனி ஒன்று வராது என்ற நினைப்பு விரலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. முதல் துண்டு ஏந்தும்போதே மடிந்தது. அடுத்தது நன்றாக வந்தது. காயவைக்கும்போது நடுவில் கிழிந்தது. அன்று மாலை அவள் கழிப்பறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, வாயைப் பொத்தி அழுதாள்.

பிறகு ஒரு பட்டை கருவியில் ஒழுங்காக ஏறியது. முனை நழுவினால் தெரிய வேண்டும் என்று முனையை ஒட்டிய பசையின் பக்கத்திலேயே பட்டைமேல் அடையாளப் புள்ளிகள் வைத்தாள். அறையைச் சாத்திக்கொண்டு இழுக்க ஆரம்பித்தாள். பலம் ஏறியது. நூற்றுக்கு ஒன்று. இரண்டு. மூன்று. பட்டை நிற்கிறது. அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். ஐந்து, ஏழு. திரையில் வரைபடக் கோடு அழகாக ஏறி, மேலே கொஞ்சம் வளைந்தது. உலையின் கட்டுரையில் இருந்த கோடு அச்சாக இதே மாதிரிதான் வளைந்திருந்தது. ஒன்பதைத் தாண்டி அறுந்தது.

"அண்ணா!" என்று வாய்விட்டுச் சொன்னாள். வீடியோவை ஆரம்பத்திலிருந்து ஓட்டிப் பார்த்தாள்.

புள்ளிகள் நகர்ந்திருந்தன. கோடு வளைய ஆரம்பித்த இடத்தில், இடது முனை பசைக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்திருந்தது. சேற்றில் கால் வழுக்குவது போல, அவசரமே இல்லாமல். நீண்டது மூன்று சொச்சம்தான். மிச்சமெல்லாம் நழுவல்.

அதே கோடு. அதே வளைவு. மறுப்பு எழுதினவர்கள் சொன்னது சரிதானா? உலை பார்த்ததும் இதைத்தானா? பொய் சொல்லவில்லை, ஏமாந்துபோனார், அவ்வளவுதான் என்று தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் அதையும் அடித்துச் சொல்ல முடியவில்லை. இந்தப் பட்டை நழுவியது என்றால் அந்தப் பட்டையும் நழுவியிருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? அது அறுந்து, மறைந்து, காற்றோடு போய்விட்டது. அதைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொல்ல முடியாது.

கடைசியில் கருவியில் ஏற்றத் தகுந்ததாக ஒரே துண்டு மிஞ்சியது. அதை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இந்த வேலையில் ஒரு கொடுமை உண்டு. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பது நாம் கண்ணால் பார்ப்பது மாதிரி இல்லை. எலக்ட்ரான்களைச் சரமாரியாக வீசித்தான் பார்க்க முடியும். எஃகுக்கும் கல்லுக்கும் அது உறைக்காது. ஒற்றை அணு கனத் தாளுக்கு ஒவ்வொரு பார்வையும் அடி. பார்க்கப் பார்க்க அங்கங்கே ஓர் அணு பெயர்ந்து ஓட்டை விழும். ஓட்டை விழுந்த தாள் சீக்கிரம் கிழியும். பார்க்காமல் இழுத்தால் பட்டை தன் முழு பலத்தைக் காட்டும். ஆனால் முனை நழுவியதா இல்லையா என்று தெரியாது. பார்த்துக்கொண்டே இழுத்தால் நழுவல் தெரியும். ஆனால் பட்டையின் பலம் குறைந்திருக்கும்.

துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னாள்.

"எலக்ட்ரான் கதிரை அணைச்சு வச்சிட்டு இழுக்கறேனே. முதல்ல ஒரு படம், கடைசியில ஒரு படம்."

"அவர்கிட்டயும் ரெண்டு படம்தானே இருந்துச்சு?" என்றார் அவர். குரலில் குத்தல் இல்லை, களைப்புதான் இருந்தது. "மறுபடியும் ரெண்டு படத்தை நீட்டினா யாரு நம்புவா? வீடியோ வேணும்மா. முழுசா வேணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவளே மறுப்பு எழுதுகிறவளாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாள்.

கதிரை எவ்வளவு மங்கலாக வைக்க முடியுமோ அவ்வளவு மங்கலாக வைத்தாள். இருபுறமும் பசையை இரண்டு மடங்கு பூசினாள். திரையில் பட்டை சாம்பல் நிறத்தில், இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி தெரிந்தது. ஆள் நடமாட்டத்தால் தரை அதிரக் கூடாது என்று வராந்தாவில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டுவிட்டு வந்து இழுத்தாள். கோடு நேராக ஏறியது. புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. நழுவலே இல்லை. ஒன்று. ஒன்றரை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டை எட்டுவதற்குள் பட்டை இல்லை. ஒரு படத்தில் முழுசாக இருந்தது. அடுத்த படத்தில் இரண்டு முனையிலும் சுருண்ட கந்தல்.

அறையில் காற்று இழுக்கும் பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தாள் அவ்வளவுதானா, அல்லது பார்த்ததால் போனதா? உட்கார்ந்து யோசித்தாள், கணக்குப் போட்டாள், கதிர் பட்ட அளவை வைத்து மறுபடி கணக்குப் போட்டாள். இரண்டுக்கும் இடம் இருந்தது. இரண்டில் எது என்று சொல்ல இனி உலகத்தில் ஒரு துண்டுகூடக் கிடையாது. கடைசித் துண்டையும் அவள்தான், தன் கையால், இழுத்து அறுத்திருந்தாள்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் குறிப்பை எழுத உட்கார்ந்தார்கள். "இந்த அளவு சரியா தவறா என்று எங்களால் இப்போது தீர்மானிக்க இயலவில்லை," என்று அவள் எழுதியிருந்தாள். தலைவர் அதைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"தெரியலைன்னு சொல்லிக் கட்டுரையைத் திரும்ப வாங்க முடியாதும்மா. தெரியலைன்னா ஏன் வாங்கறேன்னு கேப்பாங்க. காரணம் வேணும்."

"பொய்னு மட்டும் வரக் கூடாது."

"பொய்னு யாரு எழுதறா? அளவீட்டில் பிழைன்னு போடுவோம். கௌரவமான சொல்தான். நீங்களே பார்த்தீங்களே, ஒரு பட்டை நழுவிச்சுதானே?"

"அது வேற பட்டை."

தலைவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் உலையைப் பிடிக்கும். உலையை வேலைக்கு எடுத்ததே அவர்தான். கடைசியில், "முனை நழுவியதால் ஏற்பட்ட அளவீட்டுப் பிழை" என்று குறிப்பு போனது. கையெழுத்து போடும் இடத்தில் உலையின் பெயருக்கு நேரே, காலமானார் என்று இருந்தது. அவள் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாள்.

குறிப்பு வெளிவருவதற்கு முன் அண்ணியைப் பார்த்துவிட வேண்டும் என்று பணிமனைக்குப் போனாள். மதிய நேரம். வரிசையாக நின்ற பேருந்துகளுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஓய்வறையில் அண்ணி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பெஞ்சில் தள்ளி இடம் விட்டாள். இழுவை ஒன்றையும் மறைக்கவில்லை. மடிந்த துண்டு, கிழிந்த துண்டு, நழுவியது, கடைசித் துண்டு எல்லாவற்றையும் சொன்னாள். குறிப்பில் என்ன எழுதினார்கள் என்பதையும் சொன்னாள்.

கேட்டு முடித்ததும் அண்ணி சொன்னாள்.

"அப்ப பொய் சொல்லலை."

"சொல்லலை அண்ணி. அது நிச்சயம்."

"எப்படி நிச்சயம்? நீதான் எதுவுமே தெரியாதுன்னு இவ்வளவு நேரம் சொன்னியே."

இழுவை தலையைக் குனிந்துகொண்டாள்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா?" என்றாள் அண்ணி. "அந்த அளவு வந்துச்சுன்னாரே, அன்னிக்கு சாயங்காலம் நேரா என் வண்டியில வந்து ஏறினார். எனக்குப் பின்னாடி சீட்டு. கடைசி ஸ்டாப் வரைக்கும் வர்றது, திரும்ப அதே வண்டியில உக்காந்துக்கறது. ஓட்டுறப்ப பேசக் கூடாதுய்யா, கம்ப்ளெய்ன்ட் வந்துடும்னா கேட்டாத்தானே. பத்து, பத்துன்னு கண்ணாடியில பாத்து விரலைக் காட்டுறாரு. ஏறுறவங்க எல்லாம் ஏதோ லாட்டரி விழுந்தவனைப் பாக்கற மாதிரி பாக்கறாங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அந்த மனுஷன் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லை."

வெளியே யாரோ ஒரு வண்டியை ரிவர்ஸ் எடுக்க, வா வா என்று ஒருவன் தட்டிக்கொண்டே வந்தான்.

"அந்த ஒரு நாளும் பிழைன்னு எழுதிட்டு வந்திருக்கே நீ."

"அண்ணி, நான் அப்படி..."

"நீ என்ன பண்ணுவே. உன் வேலை அது." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள். "நீயே வந்து சொல்லணும்னேன், வந்து சொல்லிட்டே. அதுக்கு மேல என்ன? ஆனா ஒண்ணு. தெரியாதுன்னா தெரியாதுன்னே விட்டிருக்கலாம்ல? அந்தக் கடைசித் துண்டை இழுக்காம வச்சிருந்தா, நாளைக்கு யாராவது பாத்துச் சொல்லுவாங்கன்னு நான் பாட்டுக்கு இருந்திருப்பேன்."

தாள் நாள்பட்டால் தானாகவே கெட்டுவிடும், வைத்திருந்தாலும் உதவாது என்பது உண்மைதான். அதை அந்த இடத்தில் சொல்ல இழுவைக்கு மனம் வரவில்லை. அண்ணியின் கையைப் பிடிக்கப் போனாள். அண்ணி பக்கத்தில் இருந்த தொப்பியை எடுப்பது போலக் கையை விலக்கிக்கொண்டாள்.

"எனக்கு வண்டி எடுக்க நேரமாச்சு."

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா அண்ணி?"

"வேண்டாம்மா. உன் மூஞ்சியைப் பாத்தா அவரு ஞாபகம் வருது. இப்ப அதோட இதுவும் சேர்ந்து வரும். கொஞ்ச நாள் போகட்டும்."

கொஞ்ச நாள் போகாது, எல்லா நாளும் போய்விடும் என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது. அண்ணி படியேறி இருக்கையில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, வண்டியைக் கிளப்பினாள். திருப்பத்தில் ஒரு முறைகூட இந்தப் பக்கம் பார்க்கவில்லை. "ஓரமா நில்லுங்க மேடம், அடுத்த வண்டி வருது," என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். இழுவை ஓரமாக நின்றாள்.

அந்த வாரக் கடைசியில் குறிப்பு வெளிவந்தது. நாலு வரி. மறுப்பு எழுதிய ஆய்வகத்திலிருந்து, உங்கள் நேர்மையைப் பாராட்டுகிறோம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. தலைவர் அதை அவளுக்கு அனுப்பிவைத்திருந்தார். அவள் அதை அழித்தாள். இந்த வேலையிலிருந்து தன்னை மாற்றிவிடும்படி கேட்டாள். திட்டம் முடியட்டும், பார்க்கலாம் என்றார் அவர். உலையின் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்கள். நல்ல பையன், மரியாதையானவன். அவன் வளர்த்த முதல் தாள்கள் வந்தபோது அவள் கருவியில் ஏற்றி இழுத்தாள். எல்லாம் ஒட்டுப்போட்ட தாள்கள். ஒவ்வொன்றாக, நூற்றுக்கு ஒன்றைத் தொடுவதற்குள் அறுந்துகொண்டே வந்தன.